அவர் தெரிவு செய்த அம்பு முனை

என் கணவர் வில் பழகப் போகிறேன் என்று முதன்முதலாகச் சொன்னது 2010 ஆம் ஆண்டின் கடைசியில். அப்போது நாங்கள் பிரான்சில், லா சப்பலில், ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே நான்காம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். இன்றும் அதே வீடுதான். அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் இறைச்சி வெட்டும் பகுதியில் வேலை செய்தார். நான் வீட்டிலிருந்தபடியே சேலைக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வில்லோ? ஏன், வனவாசம் போகப் போறீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "வேட்டைக்கு," என்றார். "எங்கடை குசினியிலை நிக்கிற வெள்ளை இருக்கிறார் எல்லே, அவரோடை."

அந்த வெள்ளைக்காரர் அவருக்குப் பக்கத்து மேசையில் நின்று எலும்பு பிரிப்பவர். அதிகம் பேசாதவர். நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரக் கார் தூரத்தில் அவருக்குப் பழைய வீடு ஒன்றும், சில நண்பர்களோடு பங்காக வேட்டையாட ஒரு காடும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரைச் சும்மா பார்க்கவென்று கூட்டிக்கொண்டு போயிருந்தார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு ஒன்றரை வருடம் இருக்கும்.

அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே ஒரு தம்பி. வன்னியில் டிராக்டர் திருத்துகிற வேலை பார்த்தான். 2009 தொடக்கத்தில் அவனுடைய தொலைபேசி நின்றுபோயிற்று. வைகாசியில் போர் முடிந்த பிறகு முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் கையிலிருந்து கைக்கு வந்தன. என் கணவர் வேலை முடிந்து வந்து குசினி மேசையில் அவற்றை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். தம்பியின் பெயர் போலவே இருக்கும் பெயர்கள் சில இருந்தன. ஒன்றும் அவன் இல்லை.

பிறகு, வன்னியிலிருந்து தப்பி வந்த ஒருவர் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், அவர் கடைசிவரை தம்பியோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர் என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் தனியாகப் போய் அவரைச் சந்தித்தார். திரும்பி வந்தபோது நான் ஒரு சட்டைக்குக் கைத்துளை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னவாம்?"

"ஆமி அடிச்ச செல் விழுந்த உடனையாம்," என்றார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அவனுக்கு ஒண்டும் தெரியாதாம். நோகேல்லையாம்."

அடுத்த நாள் யாழ்ப்பாணத்திலிருந்த தன் தாய்க்கும் அதையே தொலைபேசியில் சொன்னார். மாமி நெடுநேரம் அழுதா. பிறகு, "நோகாமல் போனானே, எனக்கு அது போதும்," என்றா. எந்த நாள் என்று கேட்டா. அவர் ஒரு நாளைச் சொன்னார். அந்த நாளின் திதியைப் பார்த்து மாமி அங்கே திவசம் செய்யத் தொடங்கினா.

இதற்குப் பிறகு சில கிழமைகளில்தான் வில்லைப் பற்றிய பேச்சு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்றுவரை நினைத்துக் கூசுகிறேன்.

"உங்கடை தம்பியைச் செல்லடிச்சுக் கொன்றாங்கள். நீங்கள் போய் வாயில்லாச் சீவனை அம்பாலை அடிக்கப் போறீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார்.

வில்லால்தான் வேட்டையாடுவேன் என்றாலும் இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒரே வேட்டை அனுமதிப் பரீட்சைதான். அதில் துவக்கைக் கையில் எடுத்து, திறந்து, குண்டு போட்டு, சுட்டுக் காட்ட வேண்டும். முதல் தரம் போனபோது துவக்கை எடுத்தவர் குண்டு போடவில்லையாம். துவக்கைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டாவது தரம் சித்தியடைந்தார். கேள்விகளை அப்போது பன்னிரண்டு வயதான எங்கள் மகள்தான் அவருக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவாள். பறவைகளின் பெயர்களில் அவர் பிழைவிட்டால் அவள் சிரிப்பாள், அவரும் சிரிப்பார். அந்த மாதங்களில் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தப் பாடத்தில் மட்டும்தான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

வில் வாங்குவது சுலபமாக முடிந்தது. அந்த வெள்ளைக்காரர் தன் பழைய வில்லைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கப்பி வைத்த வில். ஆனால் அம்பின் முனையைத் தெரிவு செய்ய என் கணவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

பழகுவதற்கு வேறு முனை, வேட்டைக்கு வேறு முனை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பழகும் முனை பென்சில் கூர் மாதிரி உருண்டையாக இருக்கும். வேட்டை முனையில் சவர அலகு போலத் தகடுகள் இருக்கும். அம்பு குண்டைப் போல அடித்து விழுத்துவதில்லை, அது வெட்டுகிறது, இரத்தம் போய்த்தான் மிருகம் சாகிறது என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். சோறு சாப்பிடும் மேசையில் வைத்து இதைச் சொன்னார். நான் என் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

அவருடைய வேட்டைக் கூட்டாளியான அந்த வெள்ளைக்காரர் பாவித்தது விரியும் முனை. பறக்கும்போது தகடுகள் உள்ளே மடங்கி இருக்கும். உடம்பில் பட்டதும் குடை மாதிரி விரிந்து அகலமாக வெட்டும். பழகும் அம்பு எங்கே போகுமோ அங்கேயே இதுவும் போகும், தலையிடி இல்லை, இதையே வாங்கு என்று அவர் சொன்னார். என் கணவரும் ஒரு பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்து, விரலால் அந்தத் தகடுகளைத் திறந்து திறந்து மூடினார். திறக்கும்போது சின்னச் சத்தம் ஒன்று வரும்.

"விரியாமல் விட்டால்?" என்று ஒரு நாள் தனக்குத்தானே கேட்டார்.

"என்ன?"

"சரிஞ்சு பட்டால் விரியாமலும் விடும். அரைவாசி விரியும். பிறகு அது காயத்தோடை ஓடும்." பெட்டியை மூடினார். "எனக்கு விரியிறது வேண்டாம். அலகு அசையாமல் நிக்க வேணும்."

இன்னொரு காரணமும் இருந்தது. பல வருடம் பெரிய சட்டி பானை தூக்கியதில் அவருடைய வலது தோள் பழுதாகியிருந்தது. கூட்டாளி அறுபத்தைந்து இறாத்தல் விசையில் நாணை இழுப்பார். இவரால் ஐம்பதுக்கு மேல் இழுக்க முடியாது. விரியும் முனை அந்தக் குறைந்த வேகத்தில் ஒரு பங்கை விரிவதற்கே செலவழித்துவிடும், ஆழமாகப் போகாது என்றார். அதனால் அலகு நிலையாக இருக்கும் முனைதான் என்று முடிவாயிற்று. அதற்குள்ளும் எத்தனையோ வகை. மூன்று அலகு, நான்கு அலகு, இரண்டு அலகு. அலகைக் கழற்றி மாற்றக்கூடியது, ஒரே இரும்பில் கடைந்தது. அம்பு முனைகளை நிறுக்கும் கிரேன் அளவில் நூறு, நூற்றிருபத்தைந்து, அதற்கும் மேல்.

மூன்று அலகு முனை முதலில் அவருக்குப் பிடித்திருந்தது. வெட்டு பெரிது, இரத்தத் தடம் நன்றாக விழும், தேடிப் பிடிக்க இலகு. இங்கே கீழே தெருவில் இருக்கும் இறைச்சிக் கடையில் ஆட்டின் விலா எலும்பும் தோளெலும்பும் கேட்டு வாங்கி, சாக்கால் சுற்றி, கூட்டாளியின் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அதற்கு அடித்துப் பார்த்தார். விலாவில் தாண்டிப் போனது. தோளெலும்பின் விளிம்பில் பட்டபோது ஒரு அலகு முறிந்தது. அந்த முறிந்த முனையை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தகடு மெல்லிசு," என்றார். "உள்ளை உடைஞ்சு கிடந்தால் அதுக்கு எப்பிடி இருக்கும்?"

"அது சாகத்தானே போகுது," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

"சாகிறதைப் பற்றி நான் கதைக்கேல்லை," என்றார்.

கடைசியில் மிஞ்சியது ஒரே இரும்பில் செய்த இரண்டு அலகு முனை. வேல் மாதிரி ஒடுக்கமானது. மற்றவற்றைவிட வெட்டு சின்னது, ஆனால் எலும்பையும் தாண்டி ஆழமாகப் போகும், மழுங்கினால் நாமே தீட்டலாம். அதில் ஒரு கரைச்சல் இருந்தது. அசையாத அலகு காற்றில் பறவையின் செட்டை மாதிரி வேலை செய்யும். வில்லில் ஒரு நூலளவு பிழை இருந்தாலும் அம்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அவருடைய அம்பு இடது பக்கம் இழுத்தது. அந்தக் கோடை முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தோட்டத்துக்குப் போய், அம்பு இருக்கும் தாங்கியை மயிரளவு தள்ளி, அடித்துப் பார்த்து, திரும்பத் தள்ளினார். பழகும் முனையும் வேட்டை முனையும் ஒரே துளையில் போய் நின்ற நாள் வீட்டுக்கு வந்து, எனக்குப் பிடித்த கடையில் வாங்கிய உழுந்து வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். என்ன விசேஷம் என்று நான் கேட்டதற்கு, "நேரை போகுது," என்று மட்டும் சொன்னார்.

தீட்டுவது வீட்டில்தான். தண்ணீர்க்கல்லில் முதலில், பிறகு பழைய தோல் இடுப்புப் பட்டியில். முன்கை மயிரை வழித்துப் பார்ப்பார். இரப்பர் வளையத்தை விரல்களில் இழுத்துப் பிடித்து அலகால் தொடுவார். தொட்டவுடன் அறுந்தால் சரி. அழுத்தினால்தான் அறுகிறதென்றால் திரும்பவும் கல்லுக்குப் போவார். எங்கள் வீட்டில் தலைமயிர் கட்டும் இரப்பர் ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் பிரெஞ்சில் கத்துவாள்.

ஒரு சனிக்கிழமை நான் தைத்த சட்டைகளை மடித்து எடுக்கும்போது கடைசிச் சட்டையில் சிவப்பாக ஒரு பொட்டைக் கண்டேன். பிறகு இன்னொன்று. எங்கிருந்து என்று தேடிய பிறகுதான் என் சுட்டு விரலைப் பார்த்தேன். நகத்துக்குக் கீழே நீளமாக வெட்டியிருந்தது. மேசையில் துணிக்கடியில் அவர் வைத்திருந்த முனையில் எப்போதோ விரல் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

அவர் ஓடிவந்து விரலைப் பிடித்தார். துணியால் அழுத்தினார். பிறகு கேட்டார்: "நொந்ததோ?"

"இல்லை. காணவே இல்லை."

"உண்மையாச் சொல்லும். வெட்டேக்கை நொந்ததோ?"

"இல்லையெண்டு சொல்லுறன். இப்பதான் கடுக்குது."

என் விரலை விடாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய முகத்தில் ஆறுதல் மாதிரி ஒன்று தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. என் கை வெட்டுப்பட்டதில் இந்த மனிசனுக்கு என்ன ஆறுதல் என்று நினைத்தேன். அந்த முனையைத்தான் அவர் தெரிவு செய்தார். மற்றப் பெட்டிகளைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பருவம் வேட்டைக்குப் போனார். ஒரு அம்பும் விடவில்லை. மிருகம் நேராகப் பார்த்து நின்றால் விடமாட்டார். தூரம் என்றால் விடமாட்டார். ஓடினால் விடமாட்டார். கூட்டாளி எனக்கு ஒரு தரம் தொலைபேசியில் சொன்னார்: உங்கள் கணவரைப் போல வேட்டைக்காரர்கள் இருந்தால் காட்டில் மிருகங்கள் இடமில்லாமல் இடிபடும். நானும் அவர் இனி ஒன்றையும் கொல்லமாட்டார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் பருவத்தில், இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில், மதியம் அவர் தொலைபேசி எடுத்தார்.

"அடிச்சுப்போட்டன். பிழையாப் போச்சு."

காலையில் ஒரு பெண் மான், ஆட்டளவு உயரமான இங்குள்ள சின்ன மான்வகை, அவர் இருந்த மரத்துக்குக் கீழே பதினைந்து மீற்றரில் பக்கவாட்டில் வந்து நின்றிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அவர் நாணை விட்ட கணத்தில் அது நாணின் சத்தத்துக்குத் துள்ளி ஒரு அடி முன்னே வைத்துவிட்டது. அம்பு நெஞ்சில் படவில்லை. பின்னுக்கு, வயிற்றில் பட்டுத் தாண்டிப் போய்விட்டது. அப்படிப் பட்டால் உடனே பின்னால் போகக்கூடாது, போனால் இன்னும் தூரம் ஓடும், மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கூட்டாளி அவரைப் பிடித்து இருத்தியிருந்தார். பின்னேரம் காயப்பட்ட மிருகத்தை மணம் பிடிக்கும் நாயோடு ஒரு பெண் வந்தா. தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவ. இந்த வேலைக்குக் காசு வாங்குவதில்லை. நாய் முந்நூறு மீற்றர் போனது. பிறகு மழை கொட்டியது. ஒரு ஓடைக்கருகில் தடம் விட்டுப்போயிற்று. இருட்டத் தொடங்கியதும் திரும்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் அம்பைக் காட்டினார். முனை முறியவில்லை, வளையவில்லை. ஒரு இரப்பரை எடுத்து இழுத்துத் தொட்டார். அறுந்தது.

"முனையிலை ஒரு பிழையும் இல்லை," என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

விடிய என்னை எழுப்பினார். "இஞ்சரும், நீர் ஒருக்கா வாறீரோ? இன்னொரு சோடி கண் வேணும். கிடக்கிற இடம் தெரியாமல் என்னாலை விடேலாது."

அந்தக் குரலுக்கு நான் மறுத்துச் சொல்ல முடியவில்லை. அன்று முடிக்க வேண்டிய சட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, சேலைக் கடைக்கு எனக்கு உடம்பு வருத்தம் என்று பொய் சொல்லிவிட்டு, மகளின் மழைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். பிரான்சுக்கு வந்து பதினாறு வருடத்தில் நான் ஒரு காட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தரம்.

ஓடைக்கு இந்தப் பக்கம் நானும் நாய்க்காரப் பெண்ணும், அந்தப் பக்கம் அவரும் கூட்டாளியுமாகப் பிரிந்து போனோம். நாய் குட்டைக் காலன். நிலத்தில் மூக்கை வைத்தபடி நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு போனது. அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு முட்பற்றைக்குப் பின்னால் நின்றது. அங்கே சருகு வட்டமாக அமுங்கியிருந்தது. நடுவில் கறுத்த இரத்தம். மிருகம் இல்லை.

"இங்கே படுத்திருக்கிறது," என்று அந்தப் பெண் தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் சொன்னா. "பிறகு எழும்பியிருக்கிறது."

இருபது அடி தள்ளி இன்னொரு வட்டம். அதில் சருகு மட்டுமல்ல, மண்ணும் குளம்பால் கிண்டப்பட்டிருந்தது. அதற்கும் அப்பால், விழுந்து கிடந்த மரம் ஒன்றின் ஓரத்தில், மூன்றாவது வட்டத்தில் அது கிடந்தது. கழுத்தை உடம்போடு மடித்து வைத்திருந்தது. கண் திறந்திருந்தது. காது இன்னும் ஈரமாக இருந்தது.

அந்தப் பெண் குனிந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தா. தாடையை அசைத்துப் பார்த்தா. நான் கேட்டேன், எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று. அவ சொல்ல விரும்பவில்லை. நான் திரும்பவும் கேட்டேன்.

"நேற்று நாங்கள் திரும்பிப் போனபோது இது உயிரோடுதான் இருந்திருக்கிறது, மதாம். விடியும் வரைக்கும் இருந்திருக்கலாம்."

ஓடைக்கு அப்பால் என் கணவர் தடியால் பற்றைகளை விலக்கிக்கொண்டு போவது மரங்களுக்கு இடையில் தெரிந்தது. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். நான் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பிப் போய், முதல் வட்டத்தைக் காலால் கலைத்தேன். சருகை அள்ளி இரத்தத்தின் மேல் போட்டேன். இரண்டாவது வட்டத்தையும் கலைத்தேன். கிண்டப்பட்ட மண்ணைச் சப்பாத்தால் மிதித்துச் சமப்படுத்தினேன். அந்தப் பெண் நாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகுதான் கூப்பிட்டேன்.

அவர் ஓடையைத் தண்ணீரோடு கடந்து வந்தார். முழந்தாளிட்டு, அதன் கழுத்தில் கை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கன நேரம் கிடந்திருக்குமோ?"

"இல்லை," என்றேன். "ஒரே இடந்தான். இதிலை வந்து படுத்த உடனை போயிருக்கு. அந்த மனிசியும் அப்பிடித்தான் சொன்னவ."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெண் நாயின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்வதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டா.

அவர் அதற்குப் பிறகு அம்பு விடவே இல்லை. வில்லைக் கூட்டாளியிடம் திருப்பிக் கொடுத்தார். ஆனால் காட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்த நாய்க்காரப் பெண்ணோடு சேர்ந்துகொண்டார். வேட்டைக்காரர்கள் காயப்படுத்திவிட்டுத் தேட முடியாமல் விட்ட மிருகங்கள், நெடுஞ்சாலையில் கார் மோதிக் காட்டுக்குள் ஓடிய மிருகங்கள் என்று அவவுக்கு எப்போதும் அழைப்பு வரும். அவவுக்கு வயது போய்விட்டது, பள்ளத்தில் இறங்க ஒரு ஆள் துணை தேவைப்பட்டது. அவருடைய லீவு நாட்களெல்லாம் அப்படிப் போயின. தடம் பார்க்க, இரத்தத்தின் நிறத்தை வைத்து எந்த உறுப்பில் பட்டது என்று சொல்ல, மிருகம் படுத்த இடத்தைத் தொட்டு எப்போது எழும்பியது என்று கணிக்க அவருக்கு நன்றாக வந்தது. வீட்டில் நான் தனியே இருந்தேன். மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். நானாகவே அவரிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு பின்னேரம், காட்டிலிருந்து வந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அண்டைக்கு அந்த மான் எத்தினை இடத்திலை படுத்தது?"

என் தையல் மெசினில் கால் நின்றது.

"நீர் ஒரே இடம் எண்டு சொன்னனீர்," என்றார். "அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை. மழை பெய்து விட்ட காட்டிலை சருகின்ரை மேல்பக்கம் காய்ஞ்சு வரும், கீழ்ப்பக்கம்தான் ஈரம். நீர் என்னைக் கூப்பிட்ட இடத்துக்குக் கிட்ட ஈரப் பக்கம் மேலை கிடந்தது. அது எனக்கு இப்பதான் நினைவிலை வந்தது. ஆரோ காலாலை கலைச்சிருக்கினம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மூண்டு," என்றேன்.

"விடியும் வரைக்கும்?"

"ஓம். அப்பிடித்தான் அந்த மனிசி சொன்னவ."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் எதிரே இருந்தார்.

"நானும் உமக்கு ஒரு பொய் சொன்னனான்," என்றார். "தம்பி உடனை போகேல்லை."

பிறகு சொன்னார். செல் துண்டு வயிற்றில் பட்டிருந்தது. பதுங்குகுழிக்குள் தூக்கி வந்து விரித்த தறப்பாளில் கிடத்தினார்கள். மருந்து இல்லை. வைத்தியசாலை என்று ஒன்று இல்லை. முதல் நாள் முழுவதும் கதைத்துக்கொண்டிருந்தான். அண்ணைக்குச் சொல்லாதையுங்கோ, அம்மாவுக்குச் சொல்லிப்போடுவார் என்றானாம். இரண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டி வந்தது. அவன் அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை.

"அம்மா திவசம் செய்யிற நாள் பிழை," என்றார். "ஒரு நாளாவது தள்ளிச் செய்ய வேணும். எத்தினை நாள் எண்டு சரியாத் தெரியாது. எப்ப போனவன் எண்டு கண்டவை ஒருத்தரும் இல்லை."

நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் இருந்து அழுதோம். தம்பியின் செய்தி வந்த அன்றுகூட நாங்கள் அப்படிச் சேர்ந்திருந்து அழவில்லை. அந்த வருடங்களில் நான் அவரைப் பேசிய பேச்சுக்களெல்லாம் என் கண் முன்னால் வந்தன. வெட்டுப்பட்ட என் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் நொந்ததோ, நொந்ததோ என்று கேட்டதும் வந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "விடும்," என்றார். "நீர் சருகைக் கலைச்சது எனக்காகத்தானே."

மாமிக்கு நாங்கள் சொல்லவில்லை. அவ 2017இல் போய்ச் சேர்ந்தா. கடைசிவரை அதே நாளில்தான் படையல் வைத்தா. மாமியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஊருக்குப் போன என் கணவர், தம்பிக்கும் சேர்த்துச் செய்ய வேண்டுமென்று ஐயரிடம் கேட்டாராம். நாள் கேட்டபோது, தெரியாது என்று சொன்னாராம். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அந்தச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர், பதுங்குகுழியில் தம்பியோடு இருந்தவர், இன்னும் இங்கேதான் இருக்கிறார். திருமணம் செய்து நகரத்துக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவுக்கு வீடு மாறிப் போனாலும் வேலைக்கு இங்கேதான் வருவார். முன்பெல்லாம் தெருவில் என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு விரைந்து போய்விடுவார். எனக்கு ஏன் என்று விளங்காது. போன மாசிமாதம் மரக்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். போக விடாமல் நான்தான் கதைத்தேன். பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். பதில் சொன்னார். பிறகு வெங்காயத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்ணை உங்களுக்குச் சொல்லிப்போட்டாரோ, அக்கா?"

"ஓம். கன காலம்."

அவர் கையிலிருந்த பையின் வாயை முறுக்கினார். கடைக்குள் ஆட்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவனை விட்டிட்டு வெளிக்கிடேக்கை நான் திரும்பிப் பாக்கேல்லை அக்கா," என்றார். "அண்ணைக்கு இதை நான் சொல்லேல்லை. அவன் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். ரெண்டு தரம். நான் திரும்பிப் பாக்கேல்லை."

நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தன் மனைவியையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார் என்று நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, அவர் திருமணம் செய்தது இங்கே வந்த பிறகு. அங்கே யாரை இழுத்துக்கொண்டு ஓடினார், அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை.

"ஒருக்கா வீட்டை வாரும் தம்பி," என்றேன். "அண்ணை ஞாயிறிலை காட்டுக்குப் போயிடுவார். சனியிலை நிப்பார்."

"வாறன் அக்கா," என்றார்.

இன்னும் வரவில்லை. அவர் சொன்னதை நான் என் கணவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.